என் வீட்டுக்காரரின் கிறுகிறுப்பு

இந்த ஆஸ்பத்திரி கேன்டீன் சாயாவை யார் வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. ஏலக்காய் நசுக்கிப் போடுகிறார்கள். எங்கள் மட்டாஞ்சேரியில் ஏலக்காய் மூட்டை மூட்டையாகத் தலைக்கு மேலே போகும். சாயாவில் மட்டும் ஒன்றுகூட விழாது. நீங்களும் ஒரு கிளாஸ் குடியுங்கள், டாக்டரே. கதவைச் சாத்திவிட்டு என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். நான் கொஞ்ச நேரம் பேசுவேன். உங்கள் சாயா ஆறிப்போகும்.

மாத்திரையெல்லாம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று நீங்கள் கேட்பது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் கொடுத்தேன் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு மாற்றிச் சொல்லப்போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக் காலையில் அவரை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். எங்கள் மகள் ரோஜா இடக்கொச்சிக்கு, அவள் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். நீங்களும் அதற்குத் தலையாட்டினீர்கள். நான் ஊட்டினால் அவர் வாயைத் திறப்பதில்லை, நர்ஸ் சுனிதா ஊட்டினால் திறக்கிறார் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் அவரை முழுசாக அறிந்தவள் நான் ஒருத்திதான். நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே அது புரியும். புரிந்துவிட்டால் என்னோடுதான் அனுப்புவீர்கள்.

நீங்கள் திருப்பூணித்துறைக்காரர், அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, என் தமிழ் உங்களுக்குப் புரியும். பாதி மலையாளம் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டியை நீங்கள் சீக்காளியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். கார்ப்பரேஷன் கொசு ஸ்குவாடில் அவருக்குப் புகை அடிக்கிற வேலை. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் முதலில் படபடவென்று சத்தம் வரும், அப்புறம் வெள்ளைப் புகை வரும், கடைசியில் இவர் வருவார். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு பின்னால் ஓடும். பெண்கள் ஜன்னலைத் திறந்து, "பாண்டிச் சேட்டா, இங்கேயும் கொஞ்சம்" என்று கூப்பிடுவார்கள். கொச்சியில் கொசுவுக்கு எதிரி என்றால் ஊருக்கே சொந்தக்காரன். அப்படிச் சிரித்துப் பேசிவிட்டு வருகிற மனுஷன் வீட்டு வாசலை மிதித்ததும் மெஷினை அணைத்தாற்போல் ஆகிவிடுவார்.

அடித்தார் என்று சொல்லமாட்டேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. குடித்துவிட்டு ரகளை செய்தது கிடையாது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். அதனால் நான் யாரிடமும் போய்க் குறை சொல்ல வழியில்லை. அவர் விரலைச் சொடுக்குவார், அவ்வளவுதான். செம்பைப் பார்த்துச் சொடுக்கினால் தண்ணீர், தட்டைப் பார்த்துச் சொடுக்கினால் சோறு, கதவைப் பார்த்துச் சொடுக்கினால் நான் வெளியே போக வேண்டும், அவர் தூங்கப்போகிறார் என்று அர்த்தம். ரோஜா பிறந்த பிறகு, "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே நிற்பேன். குழந்தைக்குச் சரியாகப் பேச்சு வருவதற்கு முன்பே தூது போகிற வேலை வந்துவிட்டது. பாக்கியலக்ஷ்மி என்று எனக்கு எவ்வளவு அழகான பெயர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அது அவர் வாயில் வந்ததே இல்லை.

தோப்பும்படியில் புதுப் பாலம் திறந்த வருஷம், ஓணம் முடிந்து ஒரு மத்தியானம். கொல்லைப்புறத்தில் மெஷினைக் கழற்றிப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "பாக்கியம்" என்று ஒரு குரல். நான் மதில் பக்கம் எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்கு யாராவது பாக்கியம் வந்திருக்கிறாளோ என்று. மறுபடியும் "பாக்கியம்" என்றார். திரும்பினால் இவர்தான். முகமெல்லாம் வேர்த்து, கண்ணை அகலமாக விழித்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க வாடி. மெஷின் மிஸ் அடிக்குது. கைய வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். டாக்டரே, நீங்கள் எத்தனையோ பேர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சொந்தப் புருஷன் உங்கள் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்திருக்கமாட்டார். உள்ளே கூடை நிறையக் கோழிக்குஞ்சுகளைப் போட்டு மூடின மாதிரி இருந்தது. ஒன்று குதிக்கிறது, ஒன்று நிற்கிறது, ரெண்டு சேர்ந்தாற்போல் ஓடுகிறது. "தல கிறுகிறுன்னு வருது, என்னை விட்டுட்டுப் போயிராத" என்றார். ஆட்டோவில் பஜார் ரோடு முழுக்க என் கையை விடவில்லை. சுக்கு வாசனையும் மிளகு வாசனையுமாக வந்தது. தெரிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு உயிர் போகிற பயம். எனக்கோ கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்றைக்குத்தான் உங்களை முதலில் பார்த்தோம். நீண்ட காகிதத்தில் கோடு கோடாக வந்ததைக் காட்டி, உங்கள் ரெண்டு கையையும் குவித்து எனக்கு விளக்கினீர்கள். நெஞ்சில் மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை. மேல் அறையில் ஓரிடத்திலிருந்து கரண்ட் கிளம்பி ஒழுங்காக இறங்கி வர வேண்டும். இவருக்கு அது வழி தவறி, மேல் அறை முழுக்கத் தாறுமாறாகப் பொறி பறக்கிறது. அறை துடிப்பதற்குப் பதிலாக நடுங்குகிறது. "சேச்சி, பேடிக்க வேண்டாம். மருந்து கழிச்சா சரியாகும்" என்றீர்கள். மருந்தைச் சாப்பிட்டால் போதும், பயம் வேண்டாம் என்று தைரியம் சொன்னீர்கள். எனக்குப் பயமே இல்லை. இப்படி நல்ல வியாதியும் உண்டா என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது.

துடிப்பை ஒழுங்குபடுத்த ஒரு மாத்திரை, ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க ஒரு மாத்திரை தந்தீர்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அவருடைய அம்மா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நன்றாகக் கனிந்த நேந்திரம்பழத்தை மசித்து, மாத்திரையைப் பொடித்து நடுவில் வைத்து, உருண்டை பிடித்து, கண்ணை மூடச் சொல்லி வாயில் போடுவார். மாத்திரை கண்ணில் பட்டால் குமட்டிவிடும். அம்மா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. ஊர்க் கொசுவையெல்லாம் கொன்றுவிட்டு வருகிறவர் கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆவென்று திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சிரிப்பாக வரும்.

உங்கள் மாத்திரை நல்ல மாத்திரை. நான் அதைப் பழித்துப் பேசமாட்டேன். ஒரு வாரத்தில் கோழிக்குஞ்செல்லாம் அடங்கிவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். வைத்தபோது கொஞ்சம் சிந்திவிட்டது. அவர் சிந்தினதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் ஹர்த்தால் வந்தது. நம் ஊரில் ஹர்த்தாலுக்கு என்ன பஞ்சம்? அந்தத் தடவை ஒன்று முடியும் முன்பே இன்னொன்று என்று சேர்ந்தாற்போல் வந்துவிட்டது. கடை அடைப்பு, வண்டி இல்லை, வீட்டில் பழம் இல்லை. சோற்றுக்குள் வைத்துக் கொடுத்தேன், துப்பினார். வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன், அதையும் துப்பினார். கடை திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதில் என் தப்பு ஒன்றும் கிடையாது. கடை திறக்க இருந்த அன்று விடிந்ததும் உள்ளேயிருந்து "பாக்கியம், எங்க இருக்க?" என்று கேட்டது. அந்த ஹர்த்தாலை நடத்தின கட்சிக்காரர்கள்கூட என்னளவுக்குச் சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள்.

ஓடிப்போய் உட்கார்ந்தேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டார். ரெண்டு பேரும் சாயா குடித்தோம். அவர் ஸ்குவாடில் நடந்ததையெல்லாம் சொன்னார். கடை திறந்தது. போய்ப் பழம் வாங்கிவந்தேன். மசித்தேன். மாத்திரையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஜன்னல் வழியாகச் சாக்கடை ஓடையில் போட்டேன். வெறும் பழத்தை உருட்டிக் கொண்டுபோய், "கண்ண மூடுங்க" என்றேன். மூடினார், வாங்கிக்கொண்டார், விழுங்கினார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஓடைக் கொசுக்களுக்கு மட்டும் நெஞ்சு வியாதியே வந்திருக்காது.

அந்த ரெண்டு வருஷத்தை எப்படிச் சொல்ல! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குப் புகை மெஷினைத் தூக்க முடியாது என்று ஸ்குவாடில் லேசான வேலை கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவார். புதுப் பாலத்தைப் பார்க்கப் போனோம். காற்று புடவையைத் தூக்குகிறது, கீழே காயலில் படகு போகிறது. அவர் பாதிப் பாலத்தில் நின்று, "கிறுகிறுன்னு வருதுடி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கும்தான் கிறுகிறுத்தது. புதுவருஷத்துக்கு ஃபோர்ட் கொச்சியில் ஊர்வலம் பார்க்கப் போனோம். யாரோ விற்ற காகிதத் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்டார், டாக்டரே. ரோஜாவை விட்டுக் கேட்கச் சொல்லவில்லை.

கதை சொன்னால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது எனக்கு அத்தனை காலம் தெரியாமலே போயிருக்கிறது. ஒரு தடவை இடக்கொச்சிப் பக்கம் கல்யாண வீட்டில் கொசு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் போய்த் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மெஷினைப் போட்டுவிட்டார். பந்தலே வெள்ளையாகிவிட்டது. புகை விலகிப் பார்த்தால் மாப்பிள்ளை பெண்ணுடைய சித்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சித்தியும் விடாமல் நிற்கிறாள். இதைச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரிப்பார், நானும் விலா நோகச் சிரிப்பேன். எதிர்வீட்டுச் சரோஜம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கொடுத்து வச்சவடி நீ" என்பாள்.

அந்தக் கிறுகிறுப்பு எப்போதும் இருக்காது. வரும், போகும். அது போய்விட்ட நாட்களில் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி மூடிக்கொண்டு வரும். சொடுக்குவதற்கு விரல்கள் சேரும். அப்படிப்பட்ட நாளில் நான் சும்மா இருக்கவில்லை. கடுங்காப்பியை நன்றாகக் கறுக்கப் போட்டு ரெண்டு தடவை கொடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு ஸ்குவாட் ஆட்கள் பிராந்தியோடு வந்தால் நானே மீன் வறுத்துக் கொடுத்து, "அவருக்கும் ஊத்துங்க" என்பேன். சிஜு என்று ஒரு பையன், கூட வேலை செய்கிறவன், "இதுபோல ஒரு சேச்சி வேற எங்கயும் கிட்டாது" என்று கும்பிட்டான். மறுநாள் காலையில் குஞ்சுகள் கூடையில் துள்ளும். நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். சும்மா சொல்லக்கூடாது, அதைப் போல ஒரு சத்தம் உலகத்தில் கிடையாது.

உங்களைத்தான் ரொம்பப் படுத்திவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் எடுத்துப் பார்ப்பீர்கள், மருந்து கொடுத்த அடையாளமே இருக்காது. மாத்திரையைக் கூட்டுவீர்கள். அடுத்த தடவையும் அப்படியே இருக்கும். மறுபடியும் கூட்டுவீர்கள். கீரை அதிகம் சாப்பிட்டால் அந்த மருந்து வேலை செய்யாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதனால் அடுத்த தடவை கேட்டபோது, "தினமும் முருங்கைக்கீரைதான், டாக்டரே, உடம்புக்கு நல்லதுன்னு" என்றேன். "என் பொன்னு சேச்சி, கீரை வேண்டாம்னு எத்தன வட்டம் பறஞ்சு?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் முருங்கை மரமே கிடையாது.

ஆபத்தை நீங்கள் எனக்கு விளக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே விளக்கினீர்கள். மேல் அறை நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் தேங்கும், தேங்கினால் கட்டி பிடிக்கும், அந்தக் கட்டி மூளைக்கு ஓடினால் ஒரு பக்கம் விழுந்துவிடும். தேங்கினால் என்ன வரும் என்று கொசுக்காரன் பெண்டாட்டிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அடையாளமும் சொன்னீர்கள். வாய் கோணும், நாக்குக் குழறும், கை தொங்கும், அப்போது ஒரு நிமிஷம் வீணாக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னீர்கள். ஒன்று விடாமல் சொன்னேன். "மிடுக்கி" என்று பாராட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அது வரலாம் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். வரும் என்று சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தால் விரல் சொடுக்கு வருமா, வராதா? அது நிச்சயமாக வரும். வரலாம் என்பதற்குப் பயந்து நிச்சயத்தை யாராவது வீட்டுக்குள் அழைப்பார்களா? நீங்களே சொல்லுங்கள். நிதானமாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

ரோஜா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் என் அண்ணன் மகன் கல்யாணம். போகாமல் இருக்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ரோஜா வந்தாள். நல்ல பெண். பழத்தை மசித்து, சீட்டில் எழுதியிருந்தபடி மாத்திரையை ஒன்று விடாமல் பொடித்துப் போட்டிருக்கிறாள். நீங்கள் கூட்டிக் கூட்டி எழுதின அளவு அது. வெறும் பழம் தின்றுகொண்டிருந்த உடம்புக்குள் அத்தனையும் ஒரேயடியாகப் போனால் என்ன ஆகும்? நான் திரும்பி வந்தபோது அவருக்கு ஈறெல்லாம் ரத்தம், தொடையில் நீலம் நீலமாகத் திட்டு. ரோஜா சுவரோரமாக உட்கார்ந்து அழுகிறாள். அவர் என்னைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். சொடுக்கினார்.

"அம்மா, நான் அப்பாவக் கொன்னுருப்பேனேம்மா" என்று ரோஜா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "மருந்து கொடுக்கறதுக்கு ஒரு கைராசி வேணும்டி. இனிமே நீ தொடாத, அம்மா பாத்துக்கறேன்" என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள். இன்றைக்கும் தன் கையால்தான் அப்பா அன்றைக்குச் சாகக் கிடந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அபிலாஷ், அவள் புருஷன், சொன்னான், தூக்கத்தில்கூட அழுகிறாளாம். சின்னப் பிள்ளை, போகப்போகச் சரியாகிவிடும்.

அந்த ரத்தக்கசிவுக்குப் பயந்துதான் நீங்கள் கரண்ட் வைக்கிறதைத் தள்ளிப்போட்டீர்கள். மயக்கம் கொடுத்து நெஞ்சில் கரண்ட் வைத்தால் துடிப்பு நிரந்தரமாகக்கூட ஒழுங்காகிவிடலாம் என்று சொல்லியிருந்தீர்களே, அது. தள்ளிப்போட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தேன், முடி கொடுத்துவிட்டு வந்தேன். புருஷன் உடம்புக்காக வேண்டிக்கொண்டாள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

இப்போது அந்தப் படகுக்கு வருகிறேன். அதைத்தானே நீங்கள் முக்கியமாகக் கேட்டீர்கள்? காலையில் வாய் கோணினவரை ஏன் சாயங்காலம் கொண்டுவந்தாய் என்று.

அன்றைக்கு எர்ணாகுளம் போய்ச் சுற்றிவிட்டு வரலாம் என்று மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினோம். நல்ல வெயில், நல்ல காற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். மறுபடியும் அந்தக் கல்யாண வீட்டுக் கதையைச் சொல்லச் சொன்னேன். சித்தி கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு வந்தபோது "சித்தி" என்ற சொல் வரவில்லை. "சி... சி..." என்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மாப்பிள்ளை முழித்த மாதிரி நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். எதிரில் இருந்த மீன்காரிகூட என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அவருடைய வலது கை மடியிலிருந்து நழுவிப் பலகை ஓரத்தில் தொங்கியது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்றப்போவதில்லை. வாய், நாக்கு, கை என்று நீங்கள் சொன்ன வரிசையிலேயே வந்தது. படகு எர்ணாகுளம் ஜெட்டியில் சேர்ந்தது. ஜெட்டியிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். எல்லோரும் இறங்கினார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் இடது கையால் என் கையைப் பிடித்திருந்தார். அதற்கு முன்னால் அப்படிப் பிடித்ததே இல்லை, டாக்டரே. வளையல் நொறுங்கி மணிக்கட்டில் கீறிவிட்டது, பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. என்னையே பார்க்கிறார். உலகத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. எழுந்து கத்தினால் நாலு பேர் ஓடிவருவார்கள், தூக்குவார்கள், கையைப் பிரித்துவிடுவார்கள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துவார்கள். மருந்து கொடுப்பார்கள்.

அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

படகுக்காரன் வந்து, "இறங்குந்நில்லே?" என்று கேட்டான். "இல்ல மோனே, சேட்டனுக்குத் தல சுத்தல், இப்படியே திரும்பிப் போறோம்" என்றேன். படகு திரும்பியது. அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மட்டாஞ்சேரி வந்தது. இறங்கவில்லை. மறுபடி எர்ணாகுளம் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். எங்களைப் பார்த்த ஒரு சின்னப் பெண், "எவ்வளவு ஸ்னேகம், பாரு" என்று தோழியிடம் சொன்னாள். அவர் மிச்சக் கதையைச் சொல்ல முடியவில்லை என்பதால் நானே அவருக்குச் சொன்னேன். என் கதை, உங்கள் கதை, ரோஜா பிறந்த கதை, சொடுக்குக் கதை எல்லாம் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றியது. துடைக்கத் துடைக்க வந்தது. மாத்திரையை ஓடையில் போட்டதையும் அப்போதுதான் சொன்னேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு எதற்கு? கேட்டதும் கையை விடுவிக்கப் பார்த்தார். அதற்குள் அந்தக் கையிலும் பலம் போயிருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்த பிறகு அந்தப் படகுக்காரனே ஆட்களைக் கூட்டிவந்து தூக்கினான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

முகம் ஏன் அப்படிப் போகிறது, டாக்டரே? நான் அழவில்லை, நீங்கள் ஏன் கண் கலங்குகிறீர்கள்? போலீஸ் வர வேண்டுமென்றால் வரட்டும், இதே மாதிரி அவர்களுக்கும் சொல்கிறேன். சாயா வாங்கிக் கொடுத்தால் போதும். ஆனால் நாளைக்கு அவர் என்னோடுதான் வர வேண்டும். வாயைத் திறக்காதது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அது ஊடல். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குள் வரும், எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. நான் பழத்தோடு கிட்டே போனால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். எவ்வளவு கொஞ்சினாலும் திரும்பமாட்டேன் என்கிறார். அந்த அடம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லையென்றால் எழுந்து என்னோடு வாருங்கள். அவர் தலைமாட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்களே, பச்சைக் கோடும் எண்ணும் ஓடுகிறது, அதைப் பாருங்கள். ரோஜா உள்ளே போனால் அந்த எண் அசையாது. சுனிதா போனாலும் அசையாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கிடுகிடுவென்று ஏறும், பெட்டியே கூவ ஆரம்பித்துவிடும். நான் வெளியே வந்தால் இறங்கிவிடும். நேற்று சுனிதாவைப் பக்கத்தில் நிறுத்தி, போய்ப் போய் வந்து காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

இத்தனை வருஷம் என் காலடிச் சத்தம் கேட்டால் விரல் மட்டும் அசைந்த மனுஷன். இன்றைக்கு நெஞ்சே எழுந்து ஓடுகிறது. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும், டாக்டரே? மாத்திரை கொடுத்து அதை அடக்கிவிடாதீர்கள்.